கம்பியழிக்கு இருபுறமும்: ஸ்பானிய அமெரிக்காவின் கன்னியர் மடங்களும் அவற்றின் கடன் வலையும்

இன்காக்களின் தலைநகரான குஸ்கோவை ஸ்பானியர் 1533இல் பிடித்தார்கள். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அந்த ஊர் கண்டது பெரும்பாலும் போர்தான். 1536இல் மாங்கோ இன்காவின் முற்றுகையில் நகரம் தீக்கிரையானது. பிறகு, கிடைத்த கொள்ளையைப் பங்கிடுவதில் ஸ்பானியத் தளபதிகளான பிசாரோ, அல்மாக்ரோ ஆகியோரின் தரப்புகளுக்கிடையே மோதல். அது ஓய்ந்ததும் ஸ்பானிய அரசருக்கு எதிராகவே கலகங்கள். இத்தனை குழப்பத்துக்கு நடுவில், 1551இல், குஸ்கோ நகரசபை ஒரு கன்னியர் மடத்துக்காக இடம் வாங்குகிறது. இன்று அங்கே நிற்கும் பேராலயத்தின் கட்டுமானம் அப்போது தொடங்கவேயில்லை. 1558இல் பிரான்சிஸ்கா ஒர்த்தீஸ் தெ அயாலா என்ற விதவை தலைமையேற்க, சாந்தா கிளாரா மடம் உருவாகிறது. அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய கன்னியர் மடங்களில் இதுவும் ஒன்று.

போர் முடிந்தும் முடியாததுமான ஊருக்குக் கன்னியர் மடம் எதற்கு அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது? பக்தி என்ற விடை தவறல்ல, ஆனால் போதாது. நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கோமியெண்டா உரிமையாளர்கள். அதாவது, குறிப்பிட்ட பழங்குடி ஊர்களின் உழைப்பையும் வரியையும் அரசாணைப்படி அனுபவித்தவர்கள். அவர்களில் பலருக்கு இன்காப் பெண்களிடம் பிறந்த மகள்கள் இருந்தார்கள். மெஸ்தீசாக்கள் என்று அழைக்கப்பட்ட இந்தக் கலப்பினப் பெண்கள் பத்து, பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளைகள் மீது ஆட்சியாளர்களுக்கு அச்சம் இருந்தது. ஆயுதம் எடுத்தால் தாய்வழியினரோடு சேர்ந்துவிடுவார்கள் என்ற அச்சம். பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. தாயின் மொழியிலிருந்தும் பழக்கவழக்கத்திலிருந்தும் பிரித்து, ஸ்பானிய முறையில் வளர்த்துவிட்டால், அவர்கள் ஸ்பானியருக்கு மனைவியராவார்கள், வெற்றியாளர்களின் குடும்பங்களை வேரூன்ற வைப்பார்கள். அப்படி வளர்த்தெடுக்கும் இடமாகத்தான் மடம் தேவைப்பட்டது.

மடத்தின் தொடக்ககாலப் பதிவேட்டில் 1560 முதல் 1564 வரை சேர்ந்த சுமார் 60 சிறுமியர் இடம்பெறுகிறார்கள். பெரும்பாலோர் மெஸ்தீசாக்கள். ஒவ்வொருவருக்கும் தந்தை யார், என்ன கொடுத்தார் என்று எழுதியிருக்கிறது. பழங்குடித் தாய்மாரின் பெயர்கள் அநேகமாக இல்லை. எழுதியவருக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. குஸ்கோ அப்போது எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊர். அந்தப் பெயர்களை விட்டுவிடுவதும் மடத்தின் வேலைகளில் ஒன்றாக இருந்தது என்றே சொல்வேன்.

அந்தச் சிறுமியரில் ஒருத்தியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயாத்ரீஸ் கிளாரா கோயா என்பது அவள் பெயர். தந்தை சாய்ரி துபாக்; வில்கபாம்பா மலைக்காட்டிலிருந்து ஸ்பானியரை எதிர்த்துவந்த இன்கா வாரிசு. 1550களின் இறுதியில் அவர் சமரசம் செய்துகொண்டு வெளியே வந்தபோது, யூக்காய் பள்ளத்தாக்கின் வளமான எங்கோமியெண்டா அவருக்குக் கிடைத்தது. 1561இல் அவர் இறக்க, அத்தனை சொத்துக்கும் இந்தக் கைக்குழந்தைதான் வாரிசு. சில ஆண்டுகளில் அவளைச் சாந்தா கிளாராவில் சேர்த்துவிட்டார்கள். பிறகு தாய் மரியா குசி வர்க்காய் அவளை வெளியே கொண்டுவந்து மால்தொனாதோ என்ற செல்வக் குடும்பத்தின் வீட்டில் வைத்தார். அங்கே, பத்து வயதுகூட நிரம்பாத அவளுக்குக் கிறிஸ்தோபல் மால்தொனாதோ என்பவரோடு திருமணம் பேசப்பட்டது. யூக்காய் ஒரே குடும்பத்தின் கைக்குப் போய்விடும் என்று அதிகாரிகள் விழித்துக்கொண்டு, சிறுமியை மீண்டும் மடத்துக்குள் அனுப்பினார்கள். 1572இல் கடைசி இன்கா முதலாம் துபாக் அமாரு பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். அவர் பெயாத்ரீஸின் சிற்றப்பா. அவரைப் பிடித்துவந்த தளபதி மார்த்தீன் கார்சியா தெ லொயோலாவுக்கு வைஸ்ராய் தொலேதோ வாக்களித்த பரிசு, துபாக் அமாருவின் அண்ணன் மகளான பெயாத்ரீஸ்!

மடத்துக்குள் இருப்பதா, வெளியே வருவதா, யாரை மணப்பது என்று ஒருமுறையாவது அவளிடம் கேட்டதற்குச் சான்றில்லை. மடம் அவளுக்கு அடைக்கலமாகவும் இருந்தது, பூட்டிவைக்கும் பெட்டகமாகவும் இருந்தது. லொயோலாவுடனான திருமணம் வழக்குகளில் சிக்கிப் பல ஆண்டுகள் தள்ளிப்போய், பிறகு நடந்தேறியது. குஸ்கோவில் இயேசு சபையினரின் கோயிலுக்குள் நுழைந்தவுடன் அந்தத் திருமணத்தைச் சித்திரிக்கும் பெரிய ஓவியம் இன்றும் தொங்குகிறது. இன்கா வம்சமும், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் லொயோலாவின் வம்சமும் கைகோத்ததாகப் பெருமை பேசும் ஓவியம் அது. மடத்தில் கழிந்த ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை.

தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே சாந்தா கிளாராவில் ஒரு பிளவு விழுந்தது. ஸ்பானியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கறுப்பு முக்காடு, மெஸ்தீசாக்களுக்கு வெள்ளை முக்காடு என்று பிரித்தார்கள். வெள்ளை முக்காடு என்றால் பதவிக்கு வர முடியாது, வீட்டுவேலை மிகுதி, மரியாதை குறைவு. பிரான்சிஸ்கன் சபைத் தலைமை இதை ஆட்சேபித்தும் வழக்கம் மாறவில்லை. அடுத்தடுத்த தலைமுறைகளில் மடத்தின் மேல்வரிசையை ஸ்பானியக் குடும்பங்களின் மகள்கள் நிரப்பினார்கள். மெஸ்தீசாக்களுக்காக எழுப்பிய மடம், அவர்களைக் கீழ்வரிசையில் வைக்கக் கற்றுக்கொடுத்த மடமாயிற்று. காலனியச் சமூகத்தின் இனப்படிநிலை வெளியிலிருந்து மடத்துக்குள் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். குஸ்கோவைப் பொறுத்தவரை, வெளியே அந்தப் படிநிலை இன்னும் இறுகாத காலத்திலேயே மடம் அதைத் துணியில் தைத்துத் தலையில் போர்த்திவிட்டது.

இனி பணத்துக்கு வருவோம். மடங்களைப் பற்றிய பழைய நூல்கள் பக்தியைப் பேசின, அல்லது ஊர்வம்பைப் பேசின. குஸ்கோவின் பத்திரப் பதிவேடுகளை ஆண்டுக்கணக்கில் படித்து, 1999இல் கேத்தரின் பர்ன்ஸ் எழுதிய நூல்தான் மடத்தின் ஜெபத்தையும் வட்டியையும் ஒரே கணக்கில் வைத்துக் காட்டியது. ‘ஆன்மிகப் பொருளாதாரம்’ என்பது அவர் தந்த பெயர். மெக்சிகோ மடங்கள் குறித்து அசுன்சியோன் லாவ்ரின் முன்பே தொடங்கிய ஆய்வுகளும் இதே திசையில் சென்றவை.

மடத்தில் கறுப்பு முக்காடு அணிந்து நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டுமானால் வரதட்சிணை கட்ட வேண்டும். கிறிஸ்துவுக்கு மணமகளாகப் போகிறவளுக்கும் சீதனம் உண்டு. குஸ்கோவில் இது 3,312 பெசோவும் 4 ரெயாலும். மெக்சிகோ நகரில் பொதுவாக 3,000 பெசோவிலிருந்து 4,000 வரை. சாதாரண உழைப்பாளி வாழ்நாளெல்லாம் சேர்த்தாலும் எட்ட முடியாத தொகை. ஆனால் மேட்டுக்குடித் தந்தைக்கு இது லாபம். தன் தகுதிக்கேற்ற மாப்பிள்ளைக்கு மகளைக் கொடுக்க இதைப் போலப் பல மடங்கு செலவாகும். ஆகவே மூத்தவளுக்குத் திருமணம், இளையவர்களுக்கு மடம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் ஏராளம். சொத்து சிதறாது, குடும்பத்தின் மானம் காப்பாற்றப்படும், குடும்பத்துக்காக ஜெபிக்க உள்ளே ஒருத்தி இருப்பாள்.

தந்தையின் கையில் 3,312 பெசோ ரொக்கமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தன் தோட்டத்தின் மீதோ வீட்டின் மீதோ அந்தத் தொகையைச் சுமையாக ஏற்றி, ஆண்டுக்கு 5 விழுக்காடு, அதாவது 165 பெசோ 5 ரெயால், மடத்துக்குக் கட்டிவருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். இந்த ஏற்பாட்டுக்குச் சென்ஸோ என்று பெயர். காலனியப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பத்திரத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

வட்டிக்குக் கடன் கொடுப்பதைத் திருச்சபை பாவம் என்று தடை செய்திருந்தது. கன்னியர் மடம் வட்டித் தொழில் செய்ய முடியாது. சென்ஸோவில் கடன் என்ற பேச்சே வராது. ஒரு நிலக்கிழாருக்கு 2,000 பெசோ தேவை என்று வைத்துக்கொள்வோம். மடம் அவருக்குக் கடன் தருவதில்லை. அவருடைய நிலத்திலிருந்து ஆண்டுதோறும் 100 பெசோ பெறும் உரிமையை 2,000 பெசோ கொடுத்து விலைக்கு வாங்குகிறது. விற்பவர் அவர், வாங்குவது மடம். வட்டி எங்கே இருக்கிறது? பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பாப்பரசர்கள் ஐந்தாம் மார்ட்டினும் மூன்றாம் கலிஸ்துவும் இத்தகைய ஒப்பந்தம் நியாயமானதே என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். விழுக்காடு அரசாணைக்கு உட்பட்டது: பதினாறாம் நூற்றாண்டில் 7க்குச் சற்று அதிகம், பதினேழாம் நூற்றாண்டிலிருந்து 5.

இதில் அசலைத் திருப்பித் தர நாள் குறிப்பதில்லை. நிலக்கிழார் விரும்பினால் 2,000 பெசோவைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் ஆண்டுத்தொகையைக் கட்டிக்கொண்டே இருக்கலாம். அவர் இறந்தால் மகன் கட்டுவான். நிலத்தை விற்றால் வாங்கியவர் கட்டுவார். கடன் மனிதரைப் பற்றுவதில்லை, மண்ணைப் பற்றிக்கொள்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே தோட்டத்தின் மீது நின்றுகொண்டிருந்த சென்ஸோக்கள் உண்டு. மடத்துக்கு இதைவிட ஏற்ற முதலீடு கிடையாது: கன்னியர் இறப்பார்கள், மடம் இறப்பதில்லை, அதற்கு அசல் வேண்டாம், ஆண்டுதோறும் வருமானம் வந்தால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஸ்பானிய அமெரிக்காவில் இன்றைய பொருளில் வங்கிகள் இல்லை. பெருவணிகர்கள் கடன் கொடுத்தார்கள். ஆனால் குறுகிய காலத்துக்கு, சரக்கின் பேரில். கரும்புத் தோட்டம் போடவோ, நெசவுக்கூடம் கட்டவோ, மாளிகை வாங்கவோ நீண்டகாலப் பணம் தேவைப்பட்டவர் மடத்தின் கதவைத்தான் தட்டினார்.

பேரம் நடந்த இடம் லொக்குத்தோரியோ என்ற பேச்சறை. அறையை நடுவில் இரும்புக் கம்பியழி பிரிக்கும். ஒரு பக்கம் கடன் கேட்பவரும் பத்திர எழுத்தரும் சாட்சிகளும். மறுபக்கம் மடத்தலைவியும் அவருடைய ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த மூத்த கன்னியரும். மணியடித்து அவர்களைக் கூட்டி, மூன்று முறை கலந்து பேசி ஒப்புக்கொண்டதாகப் பத்திரம் சொல்ல வேண்டும். மேலதிகாரியான ஆயரிடமோ சபைத் தலைவரிடமோ அனுமதியும் பெற வேண்டும். கடன் கேட்பவரின் நிலத்தின் மீது ஏற்கெனவே எத்தனை சுமைகள் இருக்கின்றன, முந்தைய தவணைகளை ஒழுங்காகக் கட்டினாரா, ஜாமீன் நிற்பவர் யார் என்பதெல்லாம் அங்கே அலசப்பட்டன. இறுதியில் பத்திரத்தில் ஒவ்வொரு கன்னிகையும் தன் கையால் ஒப்பமிட்டார். அதே காலத்தில் அவர்களுடைய மணமான சகோதரிகள் கணவரின் அனுமதியில்லாமல் இத்தகைய பத்திரங்களில் செல்லுபடியாகும் கையொப்பம் போட முடியாது.

கடன் வாங்க வந்தவர்கள் அந்நியர்களா? குஸ்கோ பத்திரங்களில் கம்பியழியின் இருபுறமும் ஒரே குடும்பப்பெயர்கள் வருகின்றன. ஒரு வீட்டிலிருந்து மகளோடு உள்ளே போன பணம், சில ஆண்டுகளில் அந்த மகளின் மாமனுக்கோ சகோதரனுக்கோ முதலாகத் திரும்பி வருகிறது. மடத்தில் பெண் இருக்கும் குடும்பத்துக்குக் கடன் கிடைப்பது எளிது. அடுத்த தேர்தலில் யார் மடத்தலைவி ஆவார் என்பது ஊர் முழுக்கப் பரபரப்பாகப் பேசப்பட்டதன் காரணம் இதுதான். மூன்றாண்டுக்கு ஒருமுறை நடந்த இந்தத் தேர்தல்களில் கட்சி கட்டிக்கொண்டு மோதியதைப் பற்றி லிமாவில் வைஸ்ராய்களும் பேராயர்களும் அரசருக்குப் புகார் எழுதினார்கள். பெண்புத்தியின் சச்சரவு என்று அவர்கள் எழுதியதை அப்படியே திருப்பி எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஒரு பிராந்தியத்தின் பெரிய கடன் நிதியை யார் ஆள்வது என்ற போட்டி அது; அந்த முக்கியத்துவத்தோடுதான் அதைப் பார்க்க வேண்டும்.

பெரிய மடங்களை நிறுவியவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குஸ்கோவின் பிரான்சிஸ்கா ஒர்த்தீஸ் விதவை. லிமாவின் என்கர்னசியோன் மடத்தைத் தொடங்கிய லெயோனோர் தெ போர்த்தொகாரேரோவும் மகள் மென்சியா தெ சோசாவும் விதவைகள். மென்சியாவின் கணவர் எர்னாந்தெஸ் ஹிரோன், அரசருக்கு எதிராகக் கலகம் செய்து 1554இல் தலை வெட்டப்பட்டவர். 1573இல் லிமாவில் கொன்செப்சியோன் மடத்தை நிறுவிய இனேஸ் முன்யோஸ், பிசாரோவின் தாய்வழிச் சகோதரரை மணந்து விதவையானவர். மறுமணம் செய்து மீண்டும் விதவையானார். 1579இல் அரெக்கிபாவில் சாந்தா கத்தலீனாவை நிறுவிய மரியா தெ குஸ்மானும் செல்வம் மிக்க விதவை. வாரிசில்லாத, அல்லது வாரிசை இழந்த பணக்கார விதவையை அன்றைய சமூகம் மறுமணத்துக்கு நெருக்கியது. அவளோடு சொத்தும் எங்கோமியெண்டாவும் கைமாறும் என்பதால் அரசு அதிகாரிகளும் நெருக்கினார்கள். மடம் நிறுவினால் சொத்து தன் ஆளுகையிலேயே இருக்கும். தானே தலைவியாகவும் வாழலாம். துணிவும் கணக்கறிவும் இருந்த பெண்கள் இந்த வழியைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார்கள்.

மடத்தைத் தம் வழியாக்கிக்கொண்ட பெண்களில் மெக்சிகோவில் உச்சம், விதவையல்லாத சோர் ஹுவானா இனேஸ் தெ லா குரூஸ். அவரைக் கவிஞராக உலகம் அறியும். 1669இல் சான் ஹெரோனிமோ மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்த அவர், பல ஆண்டுகள் மடத்தின் கணக்காளர். வாடகை, ஆண்டுத்தொகை, பராமரிப்புச் செலவு எல்லாம் அவர் கைவழியே போயின. திருமணத்தில் தமக்கு நாட்டமில்லை, படிக்க வேண்டும் என்பதாலேயே மடத்தைத் தேர்ந்தெடுத்ததாக 1691இல் எழுதிய புகழ்பெற்ற மறுமொழியில் அவரே சொல்கிறார். அவருடைய அறை சிறு கூண்டல்ல. நூலகமும் கருவிகளும் விருந்தினர் வருகையும் கொண்ட வசிப்பிடம். அவருக்குப் பணிசெய்ய ஹுவானா தெ சான் ஹொசே என்ற அடிமைப்பெண் இருந்தாள். தாய் கொடுத்த சொத்து. 1684இல் சோர் ஹுவானா அவளைத் தம் சகோதரிக்கு விற்றார். பெண்கள் கல்விக்காக அக்காலத்தில் எழுந்த மிக உறுதியான குரலையும் இந்த விற்பனையையும் ஒரே வாழ்க்கைக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றுக்காக மற்றதை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஏனெனில் மடத்தின் மக்கள்தொகையில் வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் ஒரு பகுதிதான். அரெக்கிபாவின் சாந்தா கத்தலீனாவைப் பாருங்கள்: 20,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, உள்ளே செவில்யா, தொலேதோ, கிரனாதா என்று பெயரிட்ட தெருக்கள், தெருவோரங்களில் தனித்தனி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் சமையலறை. வசதியான கன்னியர் இந்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள், மருமகளுக்கு எழுதிவைத்தார்கள். அவர்களோடு வளர்ப்புப் பெண்கள், கல்வி கற்க வந்த சிறுமியர், கணவன் மீது வழக்குத் தொடுத்து முடிவுக்காகக் காத்திருந்த மனைவியர், ஆதரவற்ற விதவைகள், பழங்குடி வேலைக்காரிகள், ஆப்பிரிக்க அடிமைகள் என ஒரு சிற்றூரே அந்த மதில்களுக்குள் வாழ்ந்தது. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறக் கூடாது என்று கண்டிப்பாக விதித்தது. வெளியேற முடியாதவர்களுக்காகச் சந்தைக்குப் போய்வந்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், செய்தி கொண்டுபோனவர்கள், மடத்தின் இனிப்புகளை விற்றவர்கள் இந்த வேலைக்காரிகளே. அடைபட்ட வாழ்வு நடந்தேறியது அவர்கள் கால்களால்.

இவர்களில் ஒருத்தி எழுத்தில் மிஞ்சினாள். ஊர்சுலா தெ ஹெசூஸ் 1604இல் லிமாவில் அடிமையாகப் பிறந்தவர். 1617இல், எஜமானியின் உறவுக்காரப் பெண் அவ்வூரின் சாந்தா கிளாரா மடத்தில் சேர்ந்தபோது, அவளுக்குப் பணிவிடை செய்ய ஊர்சுலாவும் அனுப்பப்பட்டார். 28 ஆண்டுகள் அங்கே அடிமையாகச் சமைத்தார், துவைத்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். 1642இல் மடத்துக் கிணற்றில் விழ இருந்து தப்பிய பிறகு அவருடைய மனம் முழுக்க ஜெபத்தின் பக்கம் திரும்பியது. 1645இல் ஒரு கன்னிகை பணம் கட்டி அவரை விடுவித்தார். விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்ணுக்கு மடத்தில் கிடைக்கக்கூடிய உச்ச நிலை, தொனாதா என்ற பணிச்சகோதரி நிலை. முக்காடு கிடையாது, வாக்குரிமை கிடையாது. 1647இல் அந்த நிலையை ஏற்றார். வேலையும் பெரிதாகக் குறையவில்லை.

அவர் காட்சிகள் கண்டார். உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஆன்மாக்கள் வந்து அவரிடம் ஜெப உதவி கேட்டன. இறந்துபோன கன்னியர் வருகிறார்கள், குருக்கள் வருகிறார்கள், மடத்தில் மடிந்த அடிமைப்பெண்களும் வருகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் இறந்த மரியா பிரான் என்ற அடிமைப்பெண் வெண்ணுடையும் மலர்முடியும் சூடி வந்தபோது ஊர்சுலா கேட்கும் கேள்வி, கறுப்பினப் பெண்கள் மோட்சம் போகிறார்களா என்பது. போகிறார்கள் என்ற பதில் வருகிறது. ஊர்சுலாவின் இந்த நாட்குறிப்பை நான்ஸி வான் டியூசன் ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறார். அதில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: வாழ்நாளில் வேலைக்காரிகளிடம் கடுமையாக நடந்துகொண்ட, வசதியில் திளைத்த கன்னியர் மறுமையில் அதற்காக வேதனைப்படுகிறார்கள். அவர்களுடைய விடுதலை இப்போது சமையலறையில் உழைக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் ஜெபத்தில் இருக்கிறது. மடத்தின் மீது அக்காலத்தில் எழுதப்பட்ட கடுமையான விமர்சனம் இதுதான் என்பது என் எண்ணம். அது மடத்துக்குள்ளிருந்தே வந்தது.

பழங்குடிப் பெண்கள் கறுப்பு முக்காடு அணிய இன்னும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்சிகோவின் முதல் கன்னியர் மடம் 1540இல் தொடங்கியது. பழங்குடிப் பெண்களுக்கான முதல் மடமான கார்பஸ் கிறிஸ்தி திறந்ததோ 1724இல். அதுவும் பழங்குடிப் பிரபுக்களின் மகள்களுக்கு மட்டும். அதற்கு முந்தைய ஆண்டு, பழங்குடிப் பெண்களுக்குக் கற்பு நெறியைக் காக்கும் திறன் உண்டா என்று குருக்களிடம் அதிகாரபூர்வமாகக் கருத்துக் கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். வைஸ்ராயாக இருந்தபோது வலேரோ பிரபு தொடங்கிவைத்த மடம் எதிர்ப்பை மீறித் திறக்கப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த உலகம் ஆட்டங்காணத் தொடங்கியது. சீர்திருத்த நோக்கம் கொண்ட ஆயர்களுக்குத் தனி வீடுகளும் வேலைக்காரிகளும் துறவறத்துக்கு இழுக்காகத் தெரிந்தன. புவெப்லாவின் ஆயர் பபியான் இ புவேரோ 1760களின் இறுதியில், எல்லோரும் பொதுச்சமையல் உண்டு பொதுவாழ்வு வாழ வேண்டும், சிறுமியரும் வேலைக்காரிகளும் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். கன்னியர் பணியவில்லை. தாம் வார்த்தைப்பாடு கொடுத்தபோது ஏற்ற வாழ்க்கைமுறை இதுவல்ல என்று நீதிமன்றத்துக்கும் அரசருக்கும் முறையிட்டார்கள். 1774இல் வந்த அரசாணை, ஏற்கெனவே இருந்தவர்கள் தம் விருப்பப்படி வாழலாம், புதிதாகச் சேர்பவர்கள் பொதுவாழ்வை ஏற்க வேண்டும் என்று சமரசம் செய்தது.

குஸ்கோவைத் தாக்கியது பொருளாதாரம். 1650இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகே பல சொத்துகளிலிருந்து ஆண்டுத்தொகை வருவது தடைப்பட்டிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சென்ஸோக்களால் பல தோட்டங்களின் மதிப்பைக் கடனே விழுங்கிவிட்டது. ஏலத்துக்கு வந்தாலும் வாங்க ஆளில்லை. 1776இல் பொதோசி சுரங்கப் பகுதி புதிய ரியோ தெ லா பிளாத்தா ஆட்சிப் பிரிவுக்கு மாற்றப்பட்டதில் குஸ்கோவின் சந்தை சுருங்கியது. 1780–81இல் இரண்டாம் துபாக் அமாருவின் எழுச்சி மூண்டது. ஆண்டுத்தொகை ஈட்டித்தந்த தோட்டங்களும் நெசவுக்கூடங்களும் அந்தப் போரில் பாழாயின. பழங்குடி உழைப்பாளரின் முதுகில் நின்ற வருமானம் அது. எழுந்தது அந்த உழைப்பாளர்தான் என்பதை மடங்களின் நட்டக்கணக்கைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

மெக்சிகோவில் அடி அரசரிடமிருந்தே வந்தது. போர்ச்செலவில் திணறிய ஸ்பானிய அரசு, பக்தி நிதிகளிலிருந்து கொடுக்கப்பட்ட கடன்களின் அசலைக் கடனாளிகளிடமிருந்து திரும்பப் பெற்றுத் தன் கருவூலத்தில் சேர்க்குமாறு 1804 டிசம்பரில் அமெரிக்காவுக்கும் ஆணையிட்டது. தலைமுறைகளாக அசல் கேட்கப்படாது என்று நம்பி வாழ்ந்த தோட்டக்காரர்கள் திடீரென்று முழுத்தொகையையும் கட்ட வேண்டிய நிலை. நான்கே ஆண்டுகளில் மெக்சிகோவிலிருந்து ஒரு கோடிப் பெசோவுக்கும் மேல் உறிஞ்சப்பட்டது. நெருக்கப்பட்டவர்களில் தோட்டம் வைத்திருந்த பாதிரியார் மிகெல் இதால்கோவும் ஒருவர். 1810இல் விடுதலைப் போரைத் தொடங்கியவர் அவர். போர் மூளப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஸ்பானிய அரசின் மீது சொத்துள்ள வகுப்பினரும் நம்பிக்கை இழந்ததில் இந்த ஆணைக்குப் பெரும்பங்கு உண்டு.

விடுதலைக்குப் பின் வந்த தாராளவாத அரசுகள் மீதியை முடித்தன. மெக்சிகோவில் 1856இன் லெர்தோ சட்டம் திருச்சபையின் கட்டடங்களையும் நிலங்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1859இல் மடங்களின் சொத்து நாட்டுடைமையானது. 1863இல் கன்னியர் வெளியேற்றப்பட்டார்கள். நிலம் உழைப்பவர்களிடம் போகவில்லை, பணம் வைத்திருந்தவர்களிடம் போனது. பெருவில் மாற்றம் மெதுவாக நடந்தது. குஸ்கோவின் சாந்தா கிளாராவிலும் அரெக்கிபாவின் சாந்தா கத்தலீனாவிலும் கன்னியர் வாழ்வு தொடர்ந்தது. சாந்தா கத்தலீனாவின் பெரும்பகுதி 1970இல் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டது.

இந்த மடங்களைப் பெண்களின் தன்னாட்சிக் குடியரசுகள் என்று கொண்டாடும் எழுத்து இப்போது பெருகிவருகிறது. அங்கே பெண்கள் ஆண்டார்கள், கணக்கெழுதினார்கள், கடன் கொடுத்தார்கள், ஆயரையே எதிர்த்து வழக்காடினார்கள் என்பதெல்லாம் உண்மை. அந்த ஆளுகை 3,312 பெசோ கட்டியவர்களுக்கு மட்டும் கிடைத்தது என்பதும், கட்ட முடியாத பெண்களின் உழைப்பில் அது நடந்தது என்பதும் அதே அளவு உண்மை. வரதட்சிணைப் பதிவேடுகளையும் சென்ஸோ பத்திரங்களையும் ஆய்வாளர்கள் ஓரளவு படித்துவிட்டார்கள். குஸ்கோவிலும் லிமாவிலும் மெக்சிகோவிலும் அதே ஆவணக் கட்டுகளில் அடிமை விற்பனைப் பத்திரங்களும், வேலைக்காரிகளைக் குறிப்பிடும் உயில்களும், தொனாதாக்களின் மனுக்களும் இருக்கின்றன. அடுத்து எழுதப்படும் மட வரலாறு அவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.